40 நிமிடத்தில் கொலோன் பார்ப்பது எப்படி?

ஜெர்மனியின் கொலோன் நகரில் அடுத்த ரயிலைப் பிடிக்க உங்களுக்கு 40 நிமிடம் இருக்கிறதா? தாராளம். அங்கே ரயில் நிலையமே பேராலயத்தின் காலடியில்தான் இருக்கிறது. வாசலைத் தாண்டி அண்ணாந்து பார்த்தால் போதும், 'கொலோன் பார்த்தாயிற்று' என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் செல்ஃபி. கோபுரங்களின் உயரம் 157 மீட்டர். உங்கள் முகமும் கோபுர நுனியும் ஒரே படத்தில் விழ வேண்டுமானால் சதுக்கத்தில் மல்லாக்கப் படுத்தாக வேண்டும். வெட்கப்படாதீர்கள், பக்கத்தில் இன்னும் நாலு பேர் படுத்திருப்பார்கள். ஏதாவது ஒரு மூலையில் சாரம் கட்டியிருக்கும். 'வேலை முடியட்டும், அப்புறம் வருகிறேன்' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1248-இல் அஸ்திவாரம் போட்ட கட்டடம் 1880-இல்தான் முடிந்தது. பதினாறாம் நூற்றாண்டில் காசும் வற்றி, ஆர்வமும் வற்றி, வேலை அப்படியே நின்றுபோனது. அரைகுறையாக நின்ற தெற்குக் கோபுரத்தின் மொட்டைத் தலையில் ஒரு மரப் பாரந்தூக்கி ஏறக்குறைய 400 வருடம் சும்மா நின்றது. மேல்தளம் எழுப்பப் போவதாகச் சொல்லி மொட்டை மாடியில் கம்பியை நீட்டி வைத்திருக்கும் நம்மவர்கள் இந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். பழுதுபார்க்கும் வேலை மட்டும் இன்றும் ஓயவில்லை. பேராலய வேலை என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு உலகமும் முடிந்துவிடும் என்பது கொலோன்காரர்களின் பேச்சு. சாரத்தைப் பார்த்தால் நிம்மதி அடையுங்கள்.

உள்ளே போனதும், எல்லோரும் போகிற திசையில் போங்கள். பலிபீடத்துக்குப் பின்னால் தங்கத்தில் மின்னும் பெட்டி ஒன்று இருக்கும். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ஞானிகளின் எலும்புகள் அதில் இருப்பதாக நம்பிக்கை. 1164-இல் மிலானிலிருந்து கொண்டுவந்தவை. அவற்றைத் தரிசிக்க யாத்திரிகர்கள் திரண்டதால்தான் பழைய கோயில் போதாமல் இவ்வளவு பெரிய ஆலயம் தேவைப்பட்டது.

தெற்குப் பக்கம் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்த ஜன்னல். 2007-இல் வைத்தது. 72 நிறங்களில் 11,263 கண்ணாடிச் சதுரங்கள். புனிதர் உருவம் ஒன்றுகூடக் கிடையாது. எந்த நிறம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினிதான் குலுக்கிப் போட்டது. அன்றைய கர்தினாலுக்கே இது பிடிக்கவில்லை. ஆகவே உங்களுக்குப் புரியவில்லை என்றால் கர்தினால் கட்சியில் சேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் வெயில் அடிக்கிற நேரமாக இருந்தால் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுச் சேருங்கள். தரையில் சிந்திக் கிடக்கும் அந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு நான் கட்சி மாறிவிட்டேன்.

கோபுரம் ஏற 533 படிகள். லிஃப்ட் கிடையாது. நடுவழியில் மணிக்கூண்டு வரும். அங்கே 24 டன் எடையில் 'தடியன் பீட்டர்' தொங்குகிறார். மூச்சு வாங்குகிறவர்கள் மணியை ரசிப்பதுபோல் பாவனை செய்வதற்கு உலகிலேயே தோதான இடம் அது.

பரிசு வாங்கவா? சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா நெற்றியில் நனைத்துப் போட்ட 'ஓடிகோலன்' துணி ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெயருக்கு 'கொலோன் தண்ணீர்' என்றுதான் அர்த்தம். இத்தாலியிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஃபரினா என்பவர் தன் வாசனைத் திரவியத்துக்குப் புது ஊரின் பெயரையே வைத்தார். 1709-இல் தொடங்கிய அவர் குடும்பக் கடை இன்றும் உண்டு. இன்னொரு புகழ்பெற்ற புட்டியில் இருக்கும் 4711 விலையல்ல, ஒரு வீட்டின் கதவு எண்.

கடைசியாகப் பசி. பழைய மதுக்கூடங்களில் 'ஹால்வர் ஹான்' என்று பட்டியலில் இருக்கும். அரைச் சேவல் என்று அர்த்தம். நாக்கைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வந்தது 'ரை' தானிய ரொட்டியும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும். பரிமாறுகிறவருக்குக் 'கோபஸ்' என்று பெயர். நையாண்டி அவர் தொழிலில் பாதி, கோபித்துக்கொள்ளாதீர்கள். 200 மில்லி கண்ணாடிக் குவளையில் 'கோல்ஷ்' பியர் கொண்டுவருவார். காலியானால் கேட்காமலே அடுத்தது வந்து, குவளைக்குக் கீழே உள்ள அட்டையில் ஒரு கோடு கூடும். 'போதும்' என்று கையாட்டுவது வீண். அட்டையை எடுத்துக் குவளையின் வாயை மூடுங்கள், நிறுத்துவார்.

இது எனக்கு ஏழாவது கோட்டில்தான் தெரிந்தது. ரயில் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.