மார்ச் மாத மகாத்மியம்

கொடுக்கப்பட்ட அவகாசம் முழுவதையும் வேலையானது தானே விரிந்து நிரப்பிக்கொள்ளும் என்றொரு விதியை, 1955-ஆம் ஆண்டு ‘எக்கனாமிஸ்ட்’ பத்திரிகையில் எழுதிப் பிரசித்தி பெற்ற நார்த்கோட் பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேயர், நம் ஊர்க் கருவூலத்தின் வாசலில் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அரை நாள் நின்றிருப்பாரேயானால், அவ்விதிக்கு ஓர் உபவிதியும் அவருக்குச் சித்தித்திருக்கும். பதினொரு மாத காலம், ‘பரிசீலனைக்கு’ என்ற குறிப்புடன் மேஜைக்கு மேஜை சாவகாசமாக க்ஷேத்திராடனம் செய்துவந்த கோப்பு, செலவழியாத ஒதுக்கீடு 31-ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும் என்ற ஞானம் அதிகாரிக்கு உதித்த மாத்திரத்தில், ஒரே பிற்பகலில் சகல கையொப்பங்களையும் பெற்றுப் பட்டியலாக மாறிக் கருவூலத்துக்கு ஓடுகிறது. பின்னாலேயே குமாஸ்தாவும் ஓடுகிறார், சட்டைப் பையில் ரத்தக் கொதிப்பு மாத்திரையுடன்.

ஆண்டுக் கடைசியில் செலவைக் குவிப்பது நிதி ஒழுக்கத்துக்கு விரோதம் என்று மத்திய சர்க்காரின் பொது நிதி விதிகள் ஸ்பஷ்டமாகவே சொல்லுகின்றன. அந்த விதிப் புத்தகத்தையே மார்ச்சில்தான் வாங்குகிறார்கள் என்பது விஷமிகளின் பேச்சு, நான் நம்பவில்லை.

இந்த அவஸ்தைக்குப் பரிகாரமாக, ஊழியர்களுக்கு மன அழுத்த நிவாரணப் பயிற்சி அளிக்கலாமென்று ஓர் அலுவலகத்தில் ஏப்ரல் மாதமே யோசனை எழுதப்பட்டதாம். பயிற்சிக்கான தலைப்பில் பணம் மிஞ்சியிருப்பது அண்மையில் கண்டுபிடிக்கப்பட்டு, மார்ச் 30-ஆம் தேதி பிற்பகல் எல்லோரும் தவறாமல் ஆஜராக வேண்டும் என்றும், வராதவர்கள் எழுத்து மூலம் விளக்கம் சமர்ப்பிக்க வேண்டும் என்றும் சுற்றறிக்கை போயிருக்கிறது.