ஓடமாட்டேங்கிறான் சார்!

செலாயாங்கில் ஒரு மனிதனைச் சோம்பேறி என்று திட்ட வேண்டுமானால், அதற்கு நீங்கள் இரண்டு மணி நேரமாவது பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்குள்ள மாமாக் கடைகளில் அதுதான் எழுதாத சட்டம். ஒரு தே தாரிக்கைக் காற்பந்து ஆட்டம் முடியும்வரை ஓட்டத் தெரிந்திருந்தால் கூடுதல் தகுதி.

நேரமும் நமக்குச் சாதகமாக இல்லை. இங்கிலாந்தில் இரவு எட்டு மணி ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை மூன்று. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டால் நான்கு. வேறு ஊர் என்றால் அந்நேரத்துக்குத் திறந்த கடை தேடி அலைய வேண்டும். செலாயாங்குக்கு அந்தக் கவலை கிடையாது. கோலாலம்பூர் மொத்தச் சந்தை, எங்கள் வாயில் பாசார் போரோங், இங்கேதான் இருக்கிறது. கேமரன் மலை முட்டைக்கோசு லோரியிலிருந்து இறங்குகிற நேரமும், மென்செஸ்டர் யுனைடெட் கோல் வாங்குகிற நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமையும்.

எங்கள் மேசையில் நிரந்தர உறுப்பினர்கள் சிலர் உண்டு. காய்கறி லோரி ஓட்டுகிற அண்ணன் தலைமை வழக்கறிஞர். கான்டோனா காலத்திலிருந்து யுனைடெட் ரசிகர். அதனால் எந்த ஆட்டக்காரனையும் எந்த நேரத்திலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் உரிமை தமக்கு உண்டு என்று நினைப்பவர். அடுத்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நாங்கள் எல்லாரும் அவரை 'சார்' என்போம். அவர் லிவர்பூல் கட்சி. யுனைடெட் தோற்கும்போது முகத்தில் அனுதாபத்தைப் பூசிக்கொள்ள அவர் படுகிற பாட்டுக்கே தனி டிக்கெட் போடலாம். மூன்றாவது, கைப்பேசிக் கடையில் வேலை செய்யும் தம்பி. எதைச் சொன்னாலும் போனைத் தடவி ஒரு புள்ளிவிவரம் எடுத்து நீட்டுவான். என் அப்பாவும் சில நாள் வந்து உட்காருவார். தோட்டத்துப் பழக்கம், விடியற்காலையில் அவருக்குத் தூக்கம் வராது.

கடந்த சில ஆண்டுகளில் எங்கள் மேசை அதிகம் விசாரித்த வழக்கு மார்கஸ் ராஷ்ஃபோர்டுடையது.

வழக்கின் பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். யுனைடெட்டின் சிறுவர் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பையன். 2016 பிப்ரவரியில், 18 வயதில், முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக மேலும் இரண்டு. லோரி அண்ணன் அன்று கடையிலிருந்த அத்தனை பேருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்வார். சாப்பிட்ட சாட்சி ஒருவரும் இதுவரை அகப்படவில்லை. 2022-23 பருவத்தில் பையன் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 30 கோல் அடித்தான். புதிய ஒப்பந்தம் போட்டார்கள். வாரச் சம்பளம் 3,25,000 பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த பருவத்தில் அடித்தது 8.

அந்தச் சம்பளத்தைத் தம்பி ஒருநாள் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தான். ஒரு வாரத்துக்குக் கிட்டத்தட்ட 18 லட்சம் வெள்ளி. 2025 பிப்ரவரியில் நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளக்காரர் ஒருவர் ஒரு காசும் செலவழிக்காமல், ராஷ்ஃபோர்டின் ஒரு வாரக் கூலியைச் சேர்க்க ஏறக்குறைய 88 வருடம் ஆகும் என்று கணக்கு வந்தது. மேசையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சார் மெல்லச் சொன்னார்: "ஈபிஎஃப் பிடித்தம் போனால் இன்னும் அதிகமாகும்."

குற்றப்பத்திரிகையின் சாரம் எளிது: "ஓடமாட்டேங்கிறான் சார்!" ஆதாரங்கள்தான் விசேஷம். பந்து பறிபோனதும் இடுப்பில் கை வைத்து நின்றான். இது முதல் சாட்சியம். தோள் தொங்குகிறது. இது இரண்டாவது. அணி கோல் அடித்தபோது மற்றவர்கள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க, இவன் நடந்து போனான். இது தண்டனையை உறுதிசெய்கிற சாட்சியம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், திரைச்சீலையில் மழைத்துளி வழிந்துகொண்டிருக்க, ஒருவனுடைய மனத்தில் விசுவாசம் எத்தனை விழுக்காடு மிச்சமிருக்கிறது என்பதை லோரி அண்ணன் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவார். சொந்த மகன் பரீட்சைக்குப் படிக்கிறானா இல்லையா என்பதைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பையன் எந்நேரமும் தோளை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறானாம்.

சார் தீர்ப்பை மாணவர் தேர்ச்சி அட்டை பாணியில் வழங்குவார்: "திறமை உண்டு. முயற்சி போதாது. பெற்றோர் வந்து சந்திக்கவும்."

2024 நவம்பரில் ரூபன் அமோரிம் பயிற்றுநராக வந்தார். அவருடைய முதல் ஆட்டத்தில், இப்ஸ்விச்சுக்கு எதிராக, இரண்டு நிமிடம் முடிவதற்குள் கோல் போட்டது சாட்சாத் ராஷ்ஃபோர்டுதான். லோரி அண்ணன் அன்று வழக்கை வாபஸ் வாங்கினார். அதே தோள்தான், அதே நடைதான். ஆனால் அன்று அது 'நிதானம்' ஆகிவிட்டது. டிசம்பர் நடுவில் அமோரிம் அவனை அணியிலிருந்து எடுத்ததும் வழக்கு தூசி தட்டப்பட்டது. 2025 ஜனவரி கடைசியில் ஃபுல்ஹம் ஆட்டம் முடிந்து நிருபர்கள் கேட்டபோது, தினமும் முழு மூச்சாக உழைக்காத ஆட்டக்காரனை மாற்று வரிசையில் உட்கார வைப்பதைவிட, கோல்காவலர் பயிற்றுநர் வித்தாலை உட்கார வைப்பேன் என்று சொல்லிவிட்டார் மனிதர். வித்தாலுக்கு வயது 63.

எங்கள் மேசை இப்படி ஒரு ஆனந்தத்தை அதற்கு முன் கண்டதில்லை. பல வருடமாக நாங்கள் கத்திக்கொண்டிருந்ததை ஒரு பயிற்றுநர் மைக் வைத்துச் சொல்லிவிட்டார். சாருக்கும் 63 வயதைத் தாண்டிய பிறகுதான் வாழ்க்கையில் ஒரு புது நம்பிக்கை பிறந்தது. "என் பெயரையும் பரிசீலிக்கலாம்" என்றார்.

தம்பி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மெஸ்ஸி ஆட்ட நேரத்தில் பெரும்பகுதி நடந்துகொண்டுதான் இருப்பார், அவரை யார் சோம்பேறி என்றது என்று கேட்டான். "மெஸ்ஸி நடப்பது யோசிக்க. இவன் நடப்பது நடக்க" என்று அண்ணன் ஒரே வரியில் மடக்கினார். அந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் மேசை கைதட்டியது.

இந்த ஊரில் இது புதிதல்ல. இதே மேசையில் பெர்படோவ் வழக்கும் நடந்தது. 2008 செப்டம்பரில் 3 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து டோட்டன்ஹமிலிருந்து வாங்கிய பல்கேரியர். பூங்காவில் காற்று வாங்க வந்தவர்போல ஆடுவார். வியர்க்காது. முடி கலையாது. அண்ணனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 2010 செப்டம்பரில் லிவர்பூலுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். அன்று சார் கடைக்கு வரவில்லை. நவம்பரில் பிளாக்பர்னுக்கு எதிராக ஐந்து. அந்தப் பருவத்தில் 20 கோலோடு டெவஸுடன் சேர்ந்து லீக்கின் முதல் கோல் வேட்டைக்காரர். அந்த 20 கோலையும் அவர் நடந்தே அடித்தார் என்பதுதான் அண்ணனின் புகார். அதே பருவத்து ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் பயிற்றுநர் ஃபெர்குசன் அவரை மாற்று வரிசையில்கூட வைக்கவில்லை. "பாத்தீங்களா, பெரியவருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார் அண்ணன். அப்போதே எனக்கு ஒன்று உறைத்தது: சோம்பல் என்கிற குற்றச்சாட்டைக் கால் முடிவுசெய்வதில்லை, கோல் பலகைதான் முடிவுசெய்கிறது.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நெஸ்லோ குடிப்பார். ரவாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒருநாள் அண்ணன், "நீங்க சொல்லுங்க பெரியவரே, இப்படி நடக்கிறவன் உழைக்கிறவனா?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா சொன்னார்: "தோட்டத்துல கங்காணி தலை தெரிஞ்சா மரத்துக்கு மரம் ஓடுறவன் ஒருத்தன் இருப்பான். ஓட்டத்துல கத்தி பட்டையைத் தாண்டி உள்ள இறங்கிடும். அந்தக் காயம் முண்டு முண்டாத்தான் ஆறும். அப்புறம் அந்த எடத்துல ஒழுங்கா வெட்ட முடியாது. இன்னொருத்தன் மெதுவா வருவான், கோடு பிசகாம வெட்டுவான். சாயங்காலம் யாரும் ஓட்டத்தை நிறுக்கலையே. பாலைத்தான் நிறுத்தாங்க."

"நிறுத்துத்தான் பாத்தோம். 30 இருந்தது 8 ஆயிடுச்சே!" என்றார் அண்ணன், விடாமல்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப ஆளைப் பாக்காத. மரத்தைப் பாரு."

2024-25 பருவம் முடிந்தபோது யுனைடெட் லீக்கில் 15-ஆவது இடம், 42 புள்ளி. மே 22 விடியற்காலை மூன்று மணிக்கு, பில்பாவோவில் நடந்த யூரோப்பா இறுதி ஆட்டத்தில் டோட்டன்ஹமிடம் 0-1 தோல்வி. ராஷ்ஃபோர்ட் பிப்ரவரியிலேயே ஆஸ்டன் வில்லாவுக்கு இரவலாகப் போய்விட்டான். திட்டுவதற்கு ஆளில்லாமல் அண்ணன் தவித்த தவிப்பு இருக்கிறதே! கடைசியில் மற்ற பத்துப் பேருக்கும் சமமாகப் பிரித்துத் திட்டினார்.

உள்ளூர் ஆட்டத்தில் இந்தச் சுகம் கிடைக்காது. செலாயாங் நகராண்மைக் கழகத்துக்கு ஓர் அரங்கம் உண்டு. 2017-இல் சிலாங்கூர் அணி தன் சொந்த ஆட்டங்களை அங்கே ஆடியது. கச்சாங் பூத்தே பொட்டலத்தோடு போய் உட்கார்ந்தால் ஆட்டக்காரனின் மூச்சுகூடக் கேட்கும். சிக்கல் என்னவென்றால், நாம் கத்துவது அவனுக்கும் கேட்கும். ஒருமுறை எனக்கு முன்வரிசையில் ஒருவர், "டேய், பாட்டி மாதிரி நடக்கிறே!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். கோட்டோரம் நின்றவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். கத்தியவர் உடனே பின்னால் திரும்பி என்னை முறைத்தார், ஏதோ நான் கத்தியதுபோல.

அதோடு, இங்கே ஓடாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். மலேசிய லீக்கில் ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி என்பது பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரிந்த செய்தி. 2025-இல் கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. பேராவும் ஸ்ரீ பகாங்கும் விலகிக்கொண்டன. இந்தியச் சமூகத்தின் மீஃபா அணியாகத் தொடங்கி பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறிய குழு 2022 பருவத்தோடு லீக்கை விட்டே போனது. 18 லட்சம் வெள்ளி வாங்கிக்கொண்டு நடப்பவனிடம் 'விசுவாசம் எங்கே' என்று கேட்கலாம். மூன்று மாதம் சம்பளமே வராமல் ஓடுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சாரின் தேர்ச்சி அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.

பில்பாவோ தோல்வி நடந்த ஒரு வாரத்தில் யுனைடெட்டே நேரில் வந்து சேர்ந்தது. 2025 மே 28, புக்கிட் ஜாலில். எதிரணி ஆசியான் நட்சத்திரக் குழு. பல நாட்டு ஆட்டக்காரர்களைப் பொறுக்கிச் சேர்த்து, பெயர் பழகுவதற்குள் களமிறக்கிய அணி. 72,550 பேர் வந்தார்கள். எங்கள் மேசையும் போனது. அண்ணன் அன்று லோரிக்கு லீவு போட்டுவிட்டு, பழைய ஜெர்சியை வயிற்றுக்கு மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தார். 71-ஆவது நிமிடத்தில் மியன்மாரின் மவுங் மவுங் லுவின் கோல் அடித்தார். 0-1. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு 'ஊ' சத்தம்! நாடு முழுக்க மாமாக் கடைகளில் பல வருடம் சேர்த்து வைத்த ஊ அது. திரைச்சீலை இல்லை, பத்தாயிரம் கிலோமீட்டர் இல்லை. அவர்கள் காதில் நேராகப் போய் விழுந்தது. இந்த ஊ எங்களுக்குத் தேவைதானோ என்னவோ என்ற பொருளில் அமோரிமும் பிறகு பேசினார். அண்ணனுக்கு அன்று தொண்டை கட்டி, மறுநாள் சந்தையில் கைச்சாடையில் வியாபாரம் பேசினாராம். இதில் ஒரு சின்ன விஷயம்: அன்று களத்தில் ராஷ்ஃபோர்ட் இல்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில், எம்ஆர்ஆர்டூ நெரிசலில், அண்ணன் கம்மிய குரலில் சொன்னார்: "அவன் இருந்திருந்தா ஒண்ணாச்சும் அடிச்சிருப்பான்லா."

அந்தக் கோடையில் பையன் பார்சிலோனாவுக்கு இரவல் போனான். செப்டம்பர் 18 இரவு நியூகாசலில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். நமக்கு 19 விடியற்காலை மூன்று மணி. ஒரு தலையடி, ஒரு தொலைதூர உதை என்று இரண்டு கோல். பார்சிலோனா 2-1. மேசை இரண்டாக உடைந்தது. "பாத்தியா, நமக்கு மட்டும் உழைக்கல, துரோகி!" என்பது ஒரு கட்சி. "மரம் மாறிடுச்சு" என்பது இன்னொரு கட்சி. அதில் அப்பாவும் தம்பியும் மட்டும்தான். லோரி அண்ணன் இரண்டு கட்சிக்கும் மாறி மாறிப் பேசினார்.

அவர் இப்போது யுனைடெட் ஆட்டத்தோடு பார்சிலோனா ஆட்டத்தையும் பார்க்கிறார். சோம்பேறி என்று பல வருடம் தாம் திட்டிய பையனுக்காக வாரத்தில் இன்னும் ஓர் இரவுத் தூக்கம் போகிறது. வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. சாட்சி சொல்ல விருப்பமுள்ளவர்கள் செலாயாங்குக்கு வரலாம். பெரிய ஆட்டம் என்றால் ஒரு மணி நேரம் முன்பே வந்து நாற்காலி பிடித்துவிடுங்கள். தே தாரிக் காசு அவரவர் பொறுப்பு.