சாலையைப் பார்க்காமலே லைசென்ஸ்: டெக்சாஸ் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு

வாழ்த்துகள், தம்பி! தங்கச்சி, உனக்கும்தான்! 14 வயது முடிந்துவிட்டது. பிளேனோவிலோ ஃபிரிஸ்கோவிலோ இர்விங்கிலோ, மாடியறைக் கட்டிலில் குப்புறப் படுத்தபடியே ஓட்டுநர் படிப்பைத் தொடங்க டெக்சாஸ் மாநிலம் உனக்கு அனுமதி தந்திருக்கிறது. 15 வயதில் பெர்மிட். அதைக் குறைந்தது ஆறு மாதம் கையில் வைத்திருந்தால் 16 வயதில் லைசென்ஸ். நடுவில் சிலர் வண்டி ஓட்டவும் கற்றுக்கொள்கிறார்கள். அது அவரவர் விருப்பம், நாம் அதற்குள் போக வேண்டாம்.

உனக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரியும். அம்மாவை வாசிக்கச் சொல். ஆறாவது படி வந்ததும் அவர் குரலில் ஓர் உற்சாகம் ஏறும், கவனி.

1. ஆசிரியரைத் தேர்ந்தெடு

டிரைவிங் ஸ்கூல் வேண்டாம். அங்கே இருப்பவருக்கு இதுதான் தொழில், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துத் தொலைப்பார். அப்பாவைப் பிடி. டெக்சாஸில் 1997 முதல் பெற்றோரே பிள்ளைக்கு ஓட்டுநர் ஆசிரியராக இருக்கலாம். மாநில உரிமத் துறைக்கு 20 டாலர் கட்டிக் கையேட்டை வாங்கினால் அப்பா வாத்தியார் ஆகிவிட்டார். ஐந்தாம் வகுப்பில் உனக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவரும் அவர்தானே? அன்றைக்குக் கதவை அறைந்து சாத்திவிட்டு உன் அறைக்குப் போய்விட்டாய். இந்தக் கதவு மணிக்கு 60 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பாடம் முடியும்வரை இருவரும் உட்கார்ந்தே ஆக வேண்டும். உறவு பலப்படும்.

அடுத்து, ஆன்லைன் படிப்பு. முதலில் விலையைப் பார். பிறகு, படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் "ரொம்ப ஈஸி" என்று எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணு. "நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று யாராவது எழுதியிருந்தால் அந்தப் படிப்பு நமக்கு ஆகாது.

2. ஆறு மணி நேரத்தோடு நிறுத்து

பாடம் முழுவதையும் முடித்துவிட்டுப் பெர்மிட் வாங்குவது ஒரு வழி. முதல் 6 மணி நேரப் பாடத்தை முடித்ததும் பெர்மிட் வாங்கிக்கொண்டு, ஓட்டிப் பழகும்போதே மிச்சத்தைப் படிப்பது இன்னொரு வழி. இரண்டையும் சட்டம் ஏற்கிறது. நீ இரண்டாவதை எடு. பெர்மிட் கைக்கு வந்ததும் லேப்டாப்பை மூடு. மிச்சப் பாடத்தை ரோடு டெஸ்டுக்கு முந்தின வாரம் பார்த்துக்கொள்ளலாம். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை அது தெரியவில்லையே என்ற கவலையும் இராது.

3. டைமரை ஓடவிடு, நீ ஓடிவிடு

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டைமர் உண்டு. அது முடியும்வரை 'அடுத்து' பட்டன் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். இந்த நேரத்தில் பக்கத்தைப் படிக்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். உனக்குத் தோன்றாது. போனில் அலாரம் வை. பட்டன் நீலமாகும்போது ஒரு தட்டு, மறுபடி அலாரம்.

இதற்கும் எழுந்து வருவது சிரமமாக இருந்தால் தங்கையை நியமி. மணிக்கு ஒரு போபா டீ சம்பளம். படிப்பது நீதானா என்று சோதிக்க நடுநடுவே ஒரு கேள்வி எட்டிப் பார்க்கும்: நீ பிறந்த ஊர் எது, உன் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன என்கிற மாதிரி. அவளுக்கு எல்லாம் தெரியும். அந்த மீனுக்குப் பெயர் வைத்தவளே அவள்தான்.

ஒரே ஒரு பக்கவிளைவு. ஒன்பது வயதுப் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்காது, திரையில் இருப்பதைப் படித்துவிடும். சில வாரங்களில் உங்கள் வீட்டில் சாலை விதிகள் முழுதாகத் தெரிந்த ஒரே ஆள், காரில் பூஸ்டர் சீட்டில் உட்காருகிறவளாக இருப்பாள். பின்சீட்டிலிருந்து அவள் "அண்ணா, இங்க நிக்கணும்!" என்று கத்தும்போது பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிடு.

4. எழுபதுக்கு மேல் ஒரு மார்க் வாங்காதே

விதிகள் தேர்வில் 70 சதவீதம் எடுத்தால் பாஸ். உங்கள் வீட்டில் 97 வாங்கிக்கொண்டு போனால் மீதி 3 எங்கே என்றுதான் கேட்பார்கள். இந்த ஒரு தேர்வில் மட்டும் மீதி 30 எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கும் சுதந்திரம், வீணாக்காதே.

எந்த முப்பதை விடலாம்? பள்ளிப் பேருந்துக் கேள்வியை விட்டுவிடு, அது குழப்பமானது. பேருந்து நின்று சிவப்பு விளக்குகள் மின்னினால் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்க வேண்டுமாம். நடுவில் மேடையோ புல்தரையோ இருந்து சாலை இரண்டாகப் பிரிந்திருந்தால் மட்டும் எதிர்ப்பக்கம் போகிறவர் நிற்க வேண்டியதில்லையாம். இடப்பக்கம் திரும்புவதற்காக நடுவில் கோடு போட்டு விட்டிருக்கும் லேன் அந்தக் கணக்கில் சேராதாம், அங்கே நின்றாக வேண்டுமாம். இவ்வளவையும் யார் நினைவில் வைத்துக்கொள்வது? ஒரே ஒரு கேள்விதான். அதை விட்டால் ஒரு மார்க் போகும், வேறென்ன போய்விடப் போகிறது?

5. டிபிஎஸ் அலுவலகம்

பெர்மிட் தருவது மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை, அதாவது டிபிஎஸ். அங்கே, பள்ளியில் படிப்பதற்கு அத்தாட்சியாக விஓஇ என்று ஒரு படிவம் கேட்பார்கள். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. கவுண்டரில் நினைவுக்கு வந்தால் போதும். கோடை விடுமுறையில் போனால் இன்னும் விசேஷம், படிவம் தர வேண்டியவரும் விடுமுறையில் இருப்பார்.

6. இது அப்பாவுக்கு

வணக்கம் சார். நீங்கள் திருச்சியிலோ கோவையிலோ ஒரு மாருதியில், சாலையின் இடப்பக்கத்தில் ஓட்டக் கற்றவர். அந்த வண்டியில் ஆசிரியர் காலுக்கடியிலும் ஒரு பிரேக் இருந்தது. உங்கள் ஹோண்டாவில் அது கிடையாது. கவலை வேண்டாம். வலது காலால் தரையை அழுத்துங்கள். வண்டி நிற்காது, ஆனால் பையன் பயந்துபோவான். அதுவும் ஒரு பயிற்சிதான்.

கற்பிக்க ஒரே சொல் போதும்: "பாத்து!" எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே கூடாது.

"பாத்துடா!"

"எதைப்பா?"

"முன்னாடி பாரு!"

"முன்னாடிதான் பாக்கறேன்."

"அப்ப கண்ணாடிய யாரு பாப்பா? வாய மூடிட்டு ஓட்டு."

இப்படி மூன்று திருப்பம் போனால் அன்றைய பாடம் முடிந்தது. பின்சீட்டில் அம்மா கதவுக்கு மேலிருக்கும் பிடியைப் பிடித்துத் தொங்கியபடி "முருகா" என்பார். அவரையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட் வைத்திருப்பவருக்குப் பக்கத்துச் சீட்டில் யார் உட்காரலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். லைசென்ஸும் ஓராண்டு ஓட்டிய அனுபவமும் வேண்டும். தூங்கக் கூடாது, குடித்திருக்கக் கூடாது, சாலையைக் கவனிக்க முடியாதபடி வேறெதிலும் ஈடுபட்டிருக்கக் கூடாது. கடைசிச் சொற்றொடரைக் கவனியுங்கள். காலை 8.30 மணி ஸ்டாண்டப் மீட்டிங் என்று அதில் எங்காவது பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா? இல்லையல்லவா? காதில் ஏர்பாடை மாட்டிக்கொள்ளுங்கள். "நேத்து அந்த டிக்கெட்ட முடிச்சுட்டேன், இன்னைக்கு டெஸ்டிங்" என்று சொல்லிக்கொண்டே இடது கையால் மகனுக்கு லேன் மாறச் சைகை காட்டலாம். மைக்கை ம்யூட் செய்ய மட்டும் மறவாதீர்கள். உங்கள் "பாத்துடா" போன மாதம் ஹைதராபாத் டீமுக்குக் கேட்டுவிட்டது.

பிள்ளை 7 மணி நேரம் காரில் உட்கார்ந்து நீங்கள் ஓட்டுவதைக் கவனிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இதற்குத் தனியாக நேரம் ஒதுக்காதீர்கள். அவன் பதினைந்து வருடமாகக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறான். சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பும் முன் முழுதாக நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள் சக்கரத்தை உருளவிட்டே போவதைப் பார்த்திருக்கிறான். உங்கள் தெருமுனை ஸ்டாப் பலகைக்கு நீங்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறான். "இங்க யாரும் வரமாட்டாங்க" என்ற விதி உங்களிடம் கற்றதுதான். எல்லாம் மனப்பாடம். அந்த 7 மணி நேரத்துக்குத் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள், அது ஒன்று மட்டும்தான் பொய் இல்லை.

7. லாக் தாள்: ஒரே இரவில் முப்பது மணி நேரம்

தம்பி, உன்னிடம் திரும்பி வந்துவிட்டேன். இதுதான் இந்தக் கலையின் உச்சம், நிதானமாகக் கேள்.

பெற்றோர் கற்பிக்கும் முறையில் காருக்குள் மொத்தம் 44 மணி நேரம். பாடமாக ஓட்டுவது 7, கவனிப்பது 7, பழகுவது 30. அந்த முப்பதில் குறைந்தது 10 இரவில். பழகிய நேரத்தை நாள்வாரியாக எழுதிவைக்கும் தாள்தான் லாக் தாள். நீ இதுவரை ஓட்டியது என்ன? ஞாயிறு காலை கடை திறப்பதற்கு முன் காஸ்ட்கோ வாகன நிறுத்தத்தில் நான்கு சுற்று. வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து வீடு. அதுவும் இடப்பக்கத் திருப்பமே இல்லாத வழியாக, அப்பா தேடிக் கண்டுபிடித்தது.

பரவாயில்லை. சாப்பாட்டு மேசையைத் துடை. மூன்று பேனா எடு: நீலம், கறுப்பு, தீரப்போகிற ஒரு கறுப்பு. ஒரே பேனாவில் எல்லா வரிசையும் எழுதுவது கத்துக்குட்டிகள் செய்கிற வேலை. ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை பேனாவை மாற்று. கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்து எழுது, அவசரத்தில் காரிலேயே எழுதிய மாதிரி இருக்கும். ஓரத்தில் காபி டம்ளரை ஒருமுறை வைத்து எடு. எல்லா நாளும் சரியாக ஒரு மணி நேரம் என்று போடாதே. 40 நிமிடம், 55 நிமிடம் என்று கலந்து போட்டு, கூட்டினால் முப்பது வருகிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல். அவர் அக்கவுன்டன்ட்.

இரவு வரிசைகளில் எச்சரிக்கை தேவை. ஜூன் மாதத்தில் மாலை 7 மணி என்று எழுதி 'இரவு' கட்டத்தில் டிக் போடாதே. டாலஸில் அப்போது சூரியன் மறைய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். அடுத்து, ஜூலை 11, 12, 13 தேதிகளில் இரவு ஓட்டியதாக அப்பா எழுதி வைத்திருக்கிறாரே, அந்த மூன்று நாளும் நீங்கள் நான்கு பேரும் சென்னையில் சித்தப்பா மகள் கல்யாணத்தில் இருந்தீர்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது. அழி. ஆகஸ்டுக்கு மாற்று.

மழைக்கும் இரண்டு வரிசை கொடு. "லேசான மழை, நன்றாக ஓட்டினான்" என்று குறிப்பு எழுது. அந்த மழை எப்படி இருக்கும், வைப்பரை எந்தப் பக்கம் திருகுவது என்பதெல்லாம் ஒருநாள் தானாகத் தெரியவரும். 635 நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே.

8. இரண்டு மணி நேர வீடியோ

ரோடு டெஸ்டுக்கு முன் 'இம்பாக்ட் டெக்சாஸ் டீன் டிரைவர்ஸ்' என்ற 2 மணி நேர வீடியோவைப் பார்த்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். செலவில்லை. சான்றிதழ் 90 நாள் செல்லும். கவனம் சிதறி ஓட்டிய இளைஞர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றிய படம். சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிடு, நீ போனைப் பார்.

9. லைசென்ஸ் வந்துவிட்டது

ரோடு டெஸ்டில் பேரலல் பார்க்கிங் உண்டு. அதை மட்டும் பழகு, உங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டிகள் இரண்டுக்கு நடுவே. குப்பைத்தொட்டி ஹார்ன் அடிக்காது, பின்னால் வரிசைகட்டி நிற்காது. வேறு எங்கும் அப்படி ஒரு இடைவெளி கிடைக்காது என்பது டெஸ்ட் முடிந்த பிறகு வரும் பிரச்சினை.

பாஸ் ஆனதும் உடனே நண்பர்களை ஏற்று. உன் வயதுக்குக் கிடைக்கும் லைசென்ஸில், குடும்பத்தைச் சேராத 21 வயதுக்குட்பட்டவர் ஒருவரைத்தான் ஏற்றலாம். மூன்று பேரை ஏற்று, நடுவில் இருப்பவனை மாமா மகன் என்று சொல்லிக்கொள்ளலாம். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட்டத் தடை, ஆகவே 12.05-க்குக் கிளம்பு. 18 வயது நிரம்பாதவர் ஓட்டும்போது போனைக் கையில் எடுக்காமல் பேசுவதுகூடக் கூடாது. அதனால் பேசாதே, டைப் செய். லாக் தாளில் 10 மணி நேரம் இரவில் ஓட்டியவன் நீ, உனக்கு இதெல்லாம் பழக்கம் என்று காகிதமே சொல்கிறது.

இனி மிச்சம் இருப்பது இன்சூரன்ஸ். உன் பெயரைச் சேர்த்ததும் பிரீமியம் ஏறும் ஏற்றத்தைப் பார்த்து அப்பா நாற்காலியில் உட்காருவார். தண்ணீர் கொடு. ஓட்டுநர் படிப்பை முடித்தவர்களுக்குச் சில கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன, கேட்கச் சொல். படிப்பு முடித்த சான்றிதழை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பு. லாக் தாளைக் கேட்டால், காபி கறை காய்ந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பு.