கடைசி விலை சொல்லுங்க தம்பி

எங்கள் வீடு பூந்தமல்லியில். ஐபோன் அசெம்பிள் ஆகிற ஸ்ரீபெரும்புதூர், அதே நெடுஞ்சாலையில் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். காஞ்சிபுரத்துக்கே போய்ப் பட்டு எடுத்தால் மலிவு என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதே கணக்கை ஃபோனுக்கும் போட்டதும் மகள், "அப்பா, இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள்.

2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்தது. விலை 79,900 ரூபாய். எண்பதாயிரத்துக்கு நூறு ரூபாய் கம்மி! சும்மா விசாரிக்கலாமே என்று குடும்பத்தோடு ஷோரூமுக்குள் நுழைந்தேன். வாய் சும்மா இருக்குமா? "கடைசி விலை சொல்லுங்க தம்பி." மகள் நாலடி தள்ளிப் போய் ஹெட்ஃபோன் பார்க்க ஆரம்பித்தாள்.

தம்பி விலையைக் குறைக்கவில்லை, மரியாதையாக ஏற்றினார். "128 ஜிபி சீக்கிரம் நிறைஞ்சுடும் சார். பத்தாயிரம் சேர்த்தா 256." 89,900. "அதே காசுக்குப் பெரிய ஸ்க்ரீனோட பிளஸ் மாடலும் இருக்கு." இடமா, ஸ்க்ரீனா என்று நான் முழிக்கையிலேயே, "512 ஜிபி எடுத்தா 1,09,900. இன்னொரு பத்தாயிரம் போட்டா ப்ரோவே வந்துடும் சார்!" நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டினேன். 1,19,900 ரூபாய் ப்ரோவில் எவ்வளவு இடம் என்று கேட்டது மகள்தான். 128 ஜிபி. எந்தக் குறைக்காக ஏறத் தொடங்கினேனோ அதே குறை, நாற்பதாயிரம் கூடுதலாக.

வீட்டுக்கு வந்து டைரியை எடுத்தேன். 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் ஐபோன் 16 சுமார் 67,700 ரூபாய். அமெரிக்காவில் வரி சேர்க்காமல் 799 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய அதேதான். ப்ரோ கதை வேறு. அங்கே 999 டாலர், சுமார் 84,000 ரூபாய். இங்கே வரி போகவே ஒரு லட்சத்தைத் தாண்டியது. வாசலில் நியாய விலை வைத்து உள்ளே கூப்பிடுகிறார்கள், லாபம் மாடியில் இருக்கிறது என்று மனைவியிடம் ஒரு பொருளாதாரப் பேராசிரியரின் தோரணையில் விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டாள். "அப்ப கீழ் மாடலையே எடுத்துடுங்க. நாப்பதாயிரம் மிச்சம்."

அன்று காலை நாங்கள் ஃபோனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகை இருபதாயிரம்.