கூரைக் கம்பியடுக்கியல்: பண்டார் பாரு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கீழடியில் குழி வெட்டி, மண்ணடுக்கைப் பார்த்து, எந்தப் பானையோடு எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுகிறார்கள். மலேசியத் தமிழர் வாழ்வை ஆராய அத்தனை பாடு வேண்டாம். குழிக்குப் பதில் ஏணி போதும். தகரக்கூரையின் ஓரத்தில் தொங்கும் கம்பிக் கற்றையைக் கையால் விலக்கிப் பார்த்தால், கடந்த அரை நூற்றாண்டு அடுக்கடுக்காக இறங்கி வரும். கம்பியடுக்கியல் என்னும் இத்துறையை எந்தப் பல்கலைக்கழகமும் தொடங்கக் காணோம். அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமென்க.

ஆய்வுக்களம் கெடாவின் தென்கோடி. கிரியான் ஆற்றுக்கு இக்கரையில் பண்டார் பாரு, அக்கரையில் பேராக்கின் பாரிட் புந்தார், சற்றே மேற்கில் பினாங்கின் நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இவ்விடத்தில் கிழமைகூட ஒத்துப்போவதில்லை. இக்கரையில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை, பாலத்தைத் தாண்டினால் சனியும் ஞாயிறும். அதனால்தான் அக்கரையிலிருந்து கம்பி மாட்ட வருகிறவர் விடுமுறை நாளென்று ஞாயிறைக் கேட்டால், 'ஞாயித்துக்கெழம நாங்க வேலைக்குப் போயிருவோமே' என்ற பதில் இக்கரையிலிருந்து போகிறது. இவ்வளவு பிணக்கிருந்தும், மூன்று மாநிலத்துச் செயற்கைக்கோள் தட்டுகளும் ஒரே திசையைப் பார்த்தபடி அண்ணாந்து கிடக்கின்றன.

அந்தத் திசை தென்மேற்குக்குச் சற்று மேற்கே. காரணம், மீசாட் செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. பண்டார் பாருவிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 78 பாகை உயரம், அதாவது உச்சிக்குக் கொஞ்சம் கீழே. இலண்டன்காரர் தம் தட்டை 25 பாகையில், பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலாக நீட்டவேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லையில்லை, பக்கத்துத் தென்னை மட்டையோடுதான் வழக்கு. அந்த உயரத்தில் ஒரு கோளை விட்டால் பூமியோடு சேர்ந்தே சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும், அதை அலைகளை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையமாக்கலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவரே பின்னாளில் கொழும்பில் குடியேறி அங்கேயே வாழ்ந்து மறைந்தார். வாஸ்து பார்ப்பவர்கள் அடுப்பு, கிணறு, மாட்டுக்கொட்டகை வரை திசை வகுத்தார்கள். கன்னி மூலையை நோக்கி வாய் பிளந்து நிற்கும் தட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பரிகாரம் சொன்னால் படம் போய்விடும் என்பதை அவர்களும் அறிவார்கள்.

இனி அடுக்குகள். கூரையை ஒட்டிய முதலடுக்கில் கிடப்பது தட்டையான பட்டைக்கம்பி. 1963 டிசம்பரில் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, தோட்டத்து லயங்களில் மீன்முள் ஏரியல்கள் முளைத்த காலத்தைச் சேர்ந்தது இது. வெயிலில் பொரிந்து, தொட்டால் உதிரும். ஒரு தமிழ்ப் படம் போட்டால் லயமே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியதும், ஒருவர் வெளியே கம்பத்தைத் திருப்ப இன்னொருவர் உள்ளிருந்து 'போதும்ணே, போதும்' என்று கத்தியதும் இவ்வடுக்கின் பண்பாட்டுக் கூறுகள். இரண்டாம் அடுக்கு உருண்டையான கறுப்புக் கம்பி. 1996 ஜனவரியில் மீசாட்-1 ஏவப்பட்டது. அதே ஆண்டு ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி தொடங்கியது. இரண்டடி அகலத் தட்டிலிருந்து 75 ஓம் கம்பி ஒன்று வீட்டுக்குள் நுழைந்தது. தமிழ் நிகழ்ச்சி வாரத்தில் எப்போது வரும் என்று காத்திருந்த காலம் போய், எப்போது நிறுத்துவார்கள் என்று வீட்டுத்தலைவர் காத்திருக்கும் காலம் பிறந்தது.

மூன்றாம் அடுக்குத்தான் ஆராய்ச்சியாளரை அலைக்கழிப்பது. 2009இன் இறுதியில் உயர்தெளிவு ஒளிபரப்பு வந்தது. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவுசெய்யும் பெட்டிகள் பரவின. முன்பிருந்த கம்பிக்கு இணையாக இன்னொரு கறுப்புக் கம்பி இறங்கியது. படுக்கையறையில் இரண்டாம் டிகோடர் வைத்த வீட்டில் அதற்கும் ஒன்று. அதற்கு மேலே மெல்லிய வெள்ளைக் கம்பியாக இணையம். அடுக்கு மேல் அடுக்காக வந்ததே தவிர, ஓரடுக்கும் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை? இங்கே அறிஞர்கள் மூன்றாகப் பிரிகிறார்கள். அச்சவாதிகள், 'எது எந்தக் கம்பின்னு யாருக்குத் தெரியும்? அதுல கை வைக்காதப்பா, படம் போயிரும்' என்பர். சேமிப்புவாதிகளின் கொள்கை 'கெடக்கட்டும், பின்னால ஒதவும்' என்பது. எதற்கு உதவும் என்று கேட்பது அவர்கள் நெறியில் குற்றம். மூன்றாவதான கொடிவாதிகள் கொல்லைப்புறத்தை ஆள்பவர்கள். தூணுக்கும் சுவருக்கும் இடையே அந்தக் கம்பி இழுத்துக் கட்டப்பட்டுவிட்டது, அதில் கைலி காய்கிறது, இனி அதைக் கழற்ற ஆஸ்ட்ரோக்காரருக்கு உரிமையில்லை என்பது அவர்கள் வாதம். மூன்றில் நேர்மையானது இந்த மூன்றாம் கட்சியே என்பது என் துணிபு. மற்ற இருவரும் கம்பி பயன்படும் என்று நம்புகிறார்கள், இவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு பெட்டிக்கு ஏன் இரண்டு கம்பி என்னும் வினா காபிக்கடைகளில் இன்னும் தீரவில்லை. சீனர் கடையில் சில வெள்ளிக்கு ஸ்பிளிட்டர் வாங்கி ஒரு கம்பியை இரண்டாகப் பிரித்தவர் பலர். மீன்முள் ஏரியலுக்கு அது சரிவரும், தட்டுக்கு வராது. தட்டின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி. வெறுமனே அலையை வாங்கி அனுப்புவதில்லை, வீட்டுக்குள்ளிருந்து கட்டளை கேட்டு நடக்கிறது. டிகோடர் 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை, 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலை, 22 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் சேர்த்தால் மேற்பட்டை. கூடத்தில் மாமியார் 13 என்கிறார், அறையில் மருமகள் 18 என்கிறார். கேட்பது ஒரே பிள்ளை. யார் குரல் ஓங்குகிறதோ அவர் பெட்டியில் படம், மற்றவர் பெட்டியில் கறுப்புத் திரை. ஆளுக்கொரு பிள்ளை என்று இரண்டு கம்பி இறக்கியதுதான் பழைய தீர்வு.

புதிய தீர்வு இதைவிடக் குடும்பப்பாங்கானது. ஒவ்வொரு பெட்டிக்கும் கம்பிக்குள்ளேயே தனி அலைவரிசையை ஒதுக்கிவிட்டால் இருவரும் ஒரே பிள்ளையிடம் தனித்தனியே பேசலாம், ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. 2007இல் வந்த ஐரோப்பியத் தரம் இப்படி ஒரே கம்பியில் எட்டு வரை அனுமதித்தது, 2013இல் வந்தது முப்பத்திரண்டு வரை. முப்பத்திரண்டு பேர் ஒரே கூரையின்கீழ் வெவ்வேறு தொடர் பார்க்கும் குடும்பத்தைக் கூட்டுக்குடும்பம் என்று சொல்லலாமா என்பது சமூகவியலார் பாடு.

தட்டைப் பெரிதாக்கினால் மழையில் படம் போகாது என்னும் கொள்கையையும் இங்கே சோதிக்க வேண்டும். 60 செண்டிமீட்டர்த் தட்டைக் கழற்றி 90 செண்டிமீட்டர் மாட்டினால் பரப்பு இரண்டேகால் மடங்காகும். நல்லதுதான். ஆனால் இந்த அலைகளின் நீளம் இரண்டரை செண்டிமீட்டர் அளவே, பெரிய மழைத்துளிகள் இவற்றை விழுங்கியும் சிதறடித்தும் விடும். மாலையில் கிரியான் பக்கம் கறுத்து வந்து கொட்டும் மழை, வரும் அலையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடக்கூடியது. இரண்டேகால் மடங்கு அதன்முன் எம்மாத்திரம்? படம் போவது சில நிமிடம் தள்ளிப்போகும், திரும்புவது சில நிமிடம் முந்தும், அவ்வளவே. அதோடு பெரிய தட்டின் பார்வை குறுகியது. மூன்று பாகைக்குப் பதில் இரண்டு பாகைதான். பூனை ஏறி மிதித்தாலும் மறுபடி திருப்ப வேண்டும். தகரக்கூரை வீட்டாருக்கு நான் சொல்வது வேறு: அத்தனை மழையில் படம் இருந்தாலும் வசனம் காதில் விழாது. இயற்கை இரண்டையும் ஒருசேர எடுத்துக்கொள்வதைக் கருணை என்றே கொள்ளலாம்.

உண்மையில் படத்தைக் கொல்வது மழை அல்ல, மழைநீர். கம்பி நேராகச் சரிந்து வீட்டுக்குள் நுழைந்தால் நீர் அதையே ஏணியாகப் பிடித்து இறங்கும். நுழையுமுன் கம்பியைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். எல்.என்.பி.யின் திருகுமுனையில் ரப்பர் உறை வேண்டும், இல்லையேல் செம்புக்கம்பி பச்சை பிடிக்கும். ரப்பரில் பிறந்து ரப்பரில் வளர்ந்த வட்டாரத்தில் இந்த உறை ஒன்றுதான் எப்போதும் காணாமல் போகிறது. இந்த இரண்டையும் சரிசெய்த பிறகே புதுத் தட்டு, பெருந்தட்டு என்றெல்லாம் பேசத் தகும்.

எஞ்சியிருப்பது எளிமையாக்கல் விதி. ஒற்றைக்கம்பி முறை வந்ததும் வீட்டார் மகிழ்ந்து ஆளை அழைக்கிறார்கள். அவர் புது எல்.என்.பி. மாட்டி, பளபளவென்று புதுக்கம்பி ஒன்றை இறக்கிவிட்டுப் பசியாறப் போய்விடுகிறார். மாட்டுவதற்குத்தான் அவருக்குக் கூலி, கழற்றுவதற்கில்லை. ஆக, நான்கு கம்பிக்குப் பதில் ஒன்று போதும் என்ற வீட்டில் ஐந்து தொங்குகின்றன. எத்தனை முறை எளிமையாக்குகிறோமோ அத்தனை கம்பி கூடும். இவ்விதிக்கு விலக்கு, வீட்டைப் பிரித்துக் கட்டியவர்கள் மட்டுமே.

எனவே அடுத்த முறை ஆள் வரும்போது, பழையதைக் கழற்றவும் கூலி பேசிவிடுங்கள். நீங்களே ஏறுவதானால் முதலில் டிகோடரின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறுங்கள். அந்தக் கம்பியில் மின்சாரம் உண்டு, கீழேயிருந்து மேலே போகிறது. கொடியில் துணி காய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.