கண்ணுக்குள் ஆஞ்சியோ

ஆஞ்சியோ இதயத்துக்குத்தானே? கண்ணுக்குமா? (கோவில்பட்டி)

கண்ணுக்கும் உண்டு, 1961-லிருந்து. அமெரிக்காவில், இண்டியானாவில், நோவாட்னி, ஆல்விஸ் என்று இரண்டு மருத்துவ மாணவர்கள். கை ரத்தக்குழாயில் ஃப்ளூரசின் சாயத்தை ஏற்றி, அது விழித்திரையின் ரத்தக்குழாய்களில் ஒளிர்வதைப் படம் பிடித்தார்கள். கண் மருத்துவ இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. இதய இதழ் வெளியிட்டது. கண்ணிருந்தும்..!

சாயம் ஏற்றினால் ஆபத்தா? (பழனி)

சிலருக்குக் குமட்டும். தோல் கொஞ்ச நேரம் மஞ்சள் பூசிக்கொள்ளும், சிறுநீரும் நிறம் மாறும். மறுநாளுக்குள் சரியாகிவிடும். ஒவ்வாமை முற்றுவது மிக அபூர்வம். நிறம் மாறுவதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால்தான் பாத்ரூமில் அலறுவீர்கள்.

இப்போது ஊசியே இல்லையாமே? (திருவாரூர்)

ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி. ஒரே இடத்தை ஒளியால் அடுத்தடுத்துப் பலமுறை படமெடுக்கும். சதை அசையாது, ரத்த அணுக்கள் ஓடும். படத்துக்குப் படம் மாறியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளினால், கையில் நிற்பது ரத்தக்குழாய்களின் வரைபடம். சில விநாடி வேலை.

இதன் தாய்க் கருவி, விழித்திரையை ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி., 1991-ல் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஹுவாங், ஸ்வான்சன், ஃபுஜிமோட்டோ மூவருக்கும் 2023-ல் லாஸ்கர் விருது. நல்லவேளை, நோபலுக்கு இன்னும் வயதிருக்கிறது.

அப்படியானால் சாய ஊசிக்கு ரிட்டயர்மென்டா? (ஆம்பூர்)

அவசரம் வேண்டாம். புதுக் கருவி ஓட்டத்தைக் காட்டும், ஒழுகலைக் காட்டாது. கசிவைக் கண்டுபிடிக்கச் சாயம்தான். தவிர, படமெடுக்கும்போது துணைக்கு வந்தவர் போனில் யாரிடம் பேசுகிறார் என்று கண்ணைச் சுழற்றினால் படம் கந்தல்.

கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட்டு, 'பி.பி. செக் பண்ணுங்க' என்றார். ஜோசியமா? (நாகர்கோவில்)

கத்தி வைக்காமல் ரத்தக்குழாயை நேரில் பார்க்க உடம்பில் வாய்த்த ஜன்னல் அது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1851-லேயே அதற்கான கருவியை வெளியிட்டார். 1939-ல் கீத், வேகனர், பார்க்கர் மூவரும் ரத்தக்கொதிப்புக்காரர்களின் விழித்திரையை நான்கு நிலையாகப் பிரித்தார்கள். நான்காம் நிலை என்றால் ஆயுசு குறைவு. மாத்திரை இல்லாத காலம். உங்களுக்கு இருக்கிறது, போடுங்கள்.

மெஷின் இல்லாமல் நானே பார்க்க முடியுமா? (மன்னார்குடி)

பேஷாக. மேகமில்லாத நீல வானத்தைப் பாருங்கள், சூரியனை அல்ல. குட்டி வெளிச்சப் புள்ளிகள் நெளிந்து ஓடும். உங்கள் வெள்ளை அணுக்கள்! நீல ஒளியைச் சிவப்பணு விழுங்கும், வெள்ளையணு விட்டுவிடும். கட்டணம் கிடையாது; பக்கத்து வீட்டார் பார்வைதான் ஒரு மாதிரி இருக்கும்.

விழித்திரைப் படத்திலிருந்து ஆணா பெண்ணா என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாமே? (சிவகாசி)

2018-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் செய்துகாட்டினார்கள். வயதையும் சராசரியாக மூன்று சொச்சம் ஆண்டு வித்தியாசத்தில் சொன்னது. பாலினம் எப்படித் தெரிந்தது என்று டாக்டர்கள் விழித்தார்கள். வயதை மறைப்பவர்கள் இனி தலைக்கு மட்டும் மை பூசிப் பயனில்லை.

சுகர் மட்டும்தான், பார்வை பளிச். எனக்கும் அவசியமா? (கும்பகோணம்)

உங்களுக்குத்தான் அவசியம். சுகரால் விழித்திரைக் குழாய் கெட்ட பிறகும் பார்வை பல காலம் பளிச்சென்று நடிக்கும். புதுக் கருவியைத் தேடி அலைய வேண்டாம், சாதாரண விழித்திரைப் பரிசோதனை போதும். வருடம் ஒருமுறை போய்க் காட்டுங்கள்.