கடற்காற்றுக்கும் ஒரு தவணை

காரைக்காலில் வீடு கட்டுகிறவரிடம் செலவுக் கணக்கைக் கேட்டால் சிமென்ட், கம்பி, கொத்தனார் கூலி, கிரகப்பிரவேசச் சாப்பாடு, வங்கித் தவணை வரை ஒப்பிப்பார். அதற்குப் பிறகு நோட்டில் வெறும் வெள்ளைத்தாள்தான். குடியேறிவிட்டால் வீடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பு.

வாஞ்சூர் எல்லையைத் தாண்டி காரைக்காலுக்குள் வந்தால் சில சரக்குகள் மலிவு என்பது ஊரறிந்த ரகசியம். துருவுக்கு மட்டும் யூனியன் பிரதேசச் சலுகை கிடையாது. உப்புக்காற்று கேட்டில் தொடங்கி, ஜன்னல் கிராதி வழியாக, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிவரை விசாரித்துவிட்டுத்தான் ஓயும். துரு, தான் தின்ற இரும்பைவிடச் சில மடங்கு இடம் பிடிக்கும்; கூரையின் பூச்சு பெயர்ந்து சாப்பாட்டுத் தட்டில் விழும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து மொட்டைமாடியைத் தணிக்கை செய்யும். 2018 நவம்பரில் வந்த கஜா புயலோ தவணை கேட்காமல் ஒரே ராத்திரியில் மொத்தமாக வசூலித்துக்கொண்டு போனது.

நடுவே வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், மோட்டார் காயில், இன்வெர்ட்டர் பேட்டரி, செப்டிக் டேங்க் லாரி. பிள்ளை பிரான்சில் இருந்தால், யூரோ வரும்வரை ஒழுகலுக்கு ஒரு வாளி.

பரவலாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் பராமரிப்புக்கு. 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 50,000. மாதம் சுமார் 4,200. கடலோரத்தில் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். வெள்ளையடிப்பை அடுத்த பொங்கலுக்குத் தள்ளலாம். துருவுக்குத் தள்ளிப்போடும் பழக்கம் இல்லை. வருகிற சம்பளத்திலேயே தனிக்கணக்கு தொடங்குங்கள்.